பொருளா, ஆளா?: ‘தி மெஷர் ஆஃப் எ மேன்’ தொலைக்காட்சிக் கதையும் அடிமை வழக்குகளின் வரலாறும்

1989ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் தொடங்கிய வாரத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்கள் பலவற்றில் ஒரு நீதிமன்றக் கதை ஒளிபரப்பாயிற்று. ‘ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ என்னும் அறிவியல் புனைகதைத் தொடரின் இரண்டாம் பருவத்தில் ஒன்பதாவதாக அமைந்த அக்கதையின் பெயர் ‘தி மெஷர் ஆஃப் எ மேன்’, ‘மனிதனின் அளவுகோல்’ எனத் தமிழில் கூறலாம். எழுதியவர் மெலின்டா ஸ்னாட்கிராஸ். இயக்கியவர் ராபர்ட் ஷீரர். விண்போர் ஏதுமின்றி, பெரும்பகுதி ஓர் அறைக்குள் நிகழும் வாதமாகவே செல்லும் இக்கதை அத்தொடரின் தலைசிறந்த கதைகளுள் ஒன்றாக இன்றும் எண்ணப்படுகிறது.

இயந்திரத்திற்கு மனம் உண்டா என்னும் மெய்யியல் வினாவுக்கு ‘உண்டு’ என விடை கூறிய கதையாகவே இது பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறது. கதையில் வரும் தீர்ப்பைக் கூர்ந்து நோக்குவார்க்கு இக்கருத்துப் பொருந்தாமை விளங்கும். தீர்ப்பு அவ்வினாவைத் தொட்டுவிட்டு விலகிச் செல்கிறது. அது தீர்த்து வைத்தது வேறொரு வழக்கை: உணர்வுடையதாகத் தோன்றும் ஒன்றைப் பிறரது உடைமையாகக் கொள்ளலாமா என்பதை. உடைமை அன்று என மறுப்பதற்கும் ஆள் என ஏற்பதற்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. அடிமை முறையை எதிர்த்த தீர்ப்புகள், சட்டங்கள் ஆகியவற்றின் வரலாற்றில் அவ்விடைவெளி பல தலைமுறைகள் நீண்டது. 1989இன் கதையும் அதன் வழிவந்த கதைகளும் அதே இடைவெளிக்குள் நிற்பன என்பதே ஈண்டு ஆராயப்படுகிறது.

முன்னோடி வழக்குகள்

மனித உருவில் ஆக்கப்பட்ட இயந்திரத்தைக் குறிக்கும் ‘ஆண்ட்ராய்டு’ என்னும் சொல் கிரேக்க வேர்களினின்று வந்தது. மனிதனை ஒத்தது என்பது அதன் பொருள். (இன்று இச்சொல் கைப்பேசி மென்பொருளின் பெயராகவே பலருக்கும் அறிமுகம்.) ‘ரோபோ’ என்னும் சொல்லின் பிறப்போ உழைப்போடு பிணைந்தது. கரேல் சாப்பெக் 1920இல் எழுதி 1921இல் பிராகா நகரில் அரங்கேறிய நாடகத்தின் வழியே உலகெங்கும் பரவிய அச்சொல், செக் மொழியில் கட்டாய உழைப்பைச் சுட்டும் சொல்லின் அடியாகப் பிறந்தது. எனவே செயற்கை மனிதனைப் பற்றிய பேச்சு தொடக்கத்திலேயே அடிமையைப் பற்றிய பேச்சாகவும் இருந்தது எனலாம்.

தொலைக்காட்சியில் இப்பொருள் நுழைந்த முறை நோக்கத்தக்கது. 1959 நவம்பரில் ஒளிபரப்பான ‘தி டுவைலைட் ஸோன்’ தொடரின் ‘தி லோன்லி’ என்னும் கதையில், குறுங்கோள் ஒன்றில் தனிமைச் சிறையிலிருக்கும் கைதிக்குத் துணையாகப் பெண்ணுருவ இயந்திரம் ஒன்று தரப்படுகிறது. நாளடைவில் அவன் அதனைப் பெண்ணாகவே கொள்கிறான். விடுதலை பெற்றுக் கிளம்பும் வேளையில் விண்கலத்தின் எடைவரம்பு குறுக்கிட, கலத்தலைவன் அவ்வியந்திரத்தின் முகத்தில் சுடுகிறான். சிதைந்த முகத்தினுள் கம்பிகள் தெரிகின்றன. அது பொருளே என்பதைத் துப்பாக்கி முடிவு செய்துவிடுகிறது. அங்கே வாதத்திற்கு இடமில்லை.

1964 நவம்பரில் ‘தி அவுட்டர் லிமிட்ஸ்’ தொடரில் வந்த ‘ஐ, ரோபோட்’ கதை இயந்திரத்தை மன்றத்திற்கே கொணர்ந்தது. (ஐசக் அசிமோவின் நூலும் இதே பெயருடையதாயினும் இது ஈண்டோ பைண்டர் என்னும் புனைபெயரில் வந்த கதைகளைத் தழுவியது.) ஆடம் லிங்க் என்னும் ரோபோ தன்னை ஆக்கிய அறிஞரைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டுத் தண்டனைக்குள்ளாகிறது. பின்னர் ஊர்தியின் முன் அகப்பட்ட சிறுமியைக் காக்க முற்பட்டுத் தானே அழிகிறது. அம்மன்றம் ஆடமை ஆளாகக் கொண்டது தண்டிப்பதற்கு மட்டுமே. இது கதையாசிரியரின் கற்பனை விநோதம் எனத் தள்ளத்தக்கதன்று. அமெரிக்கத் தென்மாநிலங்களின் சட்டங்கள் அடிமையை விற்கவும் வாங்கவும் பொருளாகக் கொண்டன. அவ்வடிமையே குற்றம் செய்தால் அப்போது மட்டும் பொறுப்புள்ள ஆளாகக் கருதித் தண்டித்தன. பொருளுக்குக் குற்றமனம் ஏது என்று அம்மன்றங்கள் வினவவில்லை. உரிமைக்கு முன் தண்டனைக்காக ஆள்தன்மை வழங்கப்படும் இவ்வியல்பு பின்னரும் எதிர்ப்படும்.

எழுத்தாளரும் வேலைநிறுத்தமும்

ஸ்னாட்கிராஸ் சட்டம் பயின்று சில ஆண்டுகள் வழக்கறிஞராகப் பணியாற்றிப் பின் புனைகதை எழுத வந்தவர். 1988 மார்ச்சு முதல் ஆகஸ்டு வரை ஐந்து திங்கள் நீடித்த அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர் வேலைநிறுத்தத்தால் தொடரின் இரண்டாம் பருவம் நவம்பரில்தான் தொடங்கியது. கதைகளும் 22 ஆகக் குறைந்தன. கைவசம் எழுத்துப்படிகள் அருகியிருந்த அச்சூழலில், எவரும் கேளாமல் எழுதி அனுப்பப்பட்ட இவரது படி ஏற்கப்பட்டது. அவரும் தொடரின் கதைப்பிரிவிலேயே பணியமர்ந்தார். எழுத்தாளர் சங்க விருதுக்கும் இக்கதை முன்மொழியப்பட்டது.

தமக்குத் தூண்டுதலாக அமைந்தது டிரெட் ஸ்காட் வழக்கு என ஸ்னாட்கிராஸ் பின்னாளில் கூறியுள்ளார். இக்கதையை விளங்கிக்கொள்ள அவ்வழக்கை அறிதல் இன்றியமையாதது. மிசூரி மாநிலத்து அடிமையான டிரெட் ஸ்காட், தம்மை உடைமையாகக் கொண்டிருந்த படை மருத்துவரோடு அடிமைமுறை தடைசெய்யப்பட்ட இல்லினாய் மாநிலத்திலும் விஸ்கான்சின் ஆட்சிப்பகுதியிலும் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். அதனால் தாம் விடுதலை பெற்றவரே என 1846இல் வழக்குத் தொடுத்தார். பதினோராண்டு இழுபட்ட வழக்கில் 1857 மார்ச்சு 6ஆம் நாள் உச்சநீதிமன்றத் தலைமை நீதிபதி ரோஜர் டேனி தீர்ப்பு வழங்கினார். ஒன்பதின்மருள் எழுவர் ஒருபக்கம் நின்ற அத்தீர்ப்பு, ஆப்பிரிக்க வழியினர் அமெரிக்கக் குடிமக்களாக முடியாது. எனவே கூட்டாட்சி மன்றத்தில் வழக்குத் தொடுக்கும் உரிமையும் அவர்க்கில்லை என்றது. ஸ்காட்டின் முறையீடு நியாயமானதா என்பதற்கு முன்பே முறையிடும் வாயே மறுக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் வேறொருவர் கைமாறி அவர் விடுவிக்கப்பட்டார். மறு ஆண்டு இறந்தார். 1868இல் பதினான்காம் அரசியலமைப்புத் திருத்தம் அத்தீர்ப்பைச் செல்லாததாக்கியது.

விண்மன்றத்து வழக்கு

கதையின் களம் ஒரு விண்நிலையம். என்டர்பிரைஸ் என்னும் கலத்தில் அதிகாரியாகப் பணிபுரியும் டேட்டா (பிரெண்ட் ஸ்பைனர்) ஓர் ஆண்ட்ராய்டு. அவரைப் பிரித்து ஆராய்ந்து அவரைப் போல் ஆயிரக்கணக்கில் செய்ய விழைகிறார் புரூஸ் மேடாக்ஸ் என்னும் அறிவியலர். ஆய்வின் அடித்தளம் உறுதியற்றது எனக் கண்ட டேட்டா உடன்பட மறுத்துப் பணியினின்று விலகுகிறார். விலக முடியாது என்கிறார் மேடாக்ஸ். கலத்தின் கணினி தன்னைச் செப்பனிடக் கூடாது என மறுக்குமானால் விட்டுவிடுவீர்களா என்பது அவரது வினா. அவ்வட்டாரத்துப் படைச்சட்ட அதிகாரி ஃபிலிப்பா லூவா (அமண்டா மெக்புரூம்), இருபத்தொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயற்றப்பட்டதாகக் கதை கற்பிக்கும் சட்டம் ஒன்றின்படி டேட்டா விண்படையின் உடைமையே எனத் தீர்மானிக்கிறார். உடைமைக்குப் பதவிவிலகும் உரிமை இல்லை. டேனியின் தருக்கமும் இதுவே. கதை எழுதப்பட்ட நாளில் வருங்காலமாயிருந்த அந்நூற்றாண்டுத் தொடக்கம் இப்போது கடந்துவிட்டது என்பது போகிற போக்கில் நினைக்கத்தக்கது.

கலத்தலைவர் பிக்கார்ட் (பேட்ரிக் ஸ்டூவர்ட்) மேல்விசாரணை கோருகிறார். புதிய நிலையமாதலின் வழக்காட ஆளில்லை. ஆதலால் பிக்கார்ட் டேட்டாவுக்காகவும், டேட்டாவின் நண்பரும் துணைத்தலைவருமான ரைக்கர் எதிராகவும் வாதிட வேண்டியதாகிறது. ரைக்கர் மறுத்தால் முதல் தீர்மானமே நிலைக்கும். ரைக்கர் டேட்டாவின் கையைக் கழற்றி மன்றத்தின்முன் வைக்கிறார். பின் நண்பரது முதுகிலுள்ள விசையை அழுத்துகிறார். நூலறுந்த பாவையாய் டேட்டா மேசைமேல் சாய்கிறார். இக்காட்சியின் வலிமை நடிப்பில் மட்டும் இல்லை. ரைக்கர் மெய்ப்பித்தவை அனைத்தும் உண்மை. டேட்டா இயந்திரம்தான்; மனிதன் செய்ததுதான்; விசையை அழுத்தினால் அணைவதுதான். உண்மைகளை மறுக்க வழியின்றிப் பிக்கார்ட் தோற்கும் நிலை எய்துகிறார்.

வழக்கின் திருப்பம் மன்றத்திற்கு வெளியே நிகழ்கிறது. கலத்தின் மதுவகத்தை நடத்தும் கைனன் என்னும் பாத்திரம் பிக்கார்டோடு உரையாடுகிறது. கைனனாக நடித்தவர் வூப்பி கோல்ட்பர்க், கறுப்பினக் கலைஞர். பல உலகங்களின் வரலாற்றிலும் பிறர் விரும்பாத வேலைகளைச் செய்யவென்றே, பயன்படுத்திவிட்டு எறியத்தக்கோர் சிலர் இருந்து வந்துள்ளனர் எனவும், டேட்டாக்களின் ஒரு படையே உருவானால் அவர்தம் நலத்தை எவரும் எண்ணவேண்டியதில்லை எனவும் கைனன் அமைதியாகக் கூறுகிறார். ‘அடிமைமுறை’ என்னும் சொல்லை அவர் உச்சரிப்பதில்லை. அதனைச் சொல்பவர் பிக்கார்ட். யார் குறிப்பாய் உணர்த்துகிறார், யார் வாய்விட்டுச் சொல்கிறார் என்னும் இப்பகிர்வு, அதனை ஏற்று நடித்தோரின் நிறத்தோடு சேர்த்துக் காணப்படும்போதுதான் முழுப்பொருள் தருகிறது. எழுத்துப்படியை மட்டும் படிப்பார்க்கு இது புலனாகாது.

பின்னர்ப் பிக்கார்ட் களத்தையே மாற்றிவிடுகிறார். டேட்டா இயந்திரம் என்பதை ஒப்புகிறார். மனிதரும் வேறுவகை இயந்திரங்களே. மனிதரால் ஆக்கப்பட்டமையால் உடைமை எனின் பெற்றோர்க்குப் பிள்ளைகளும் உடைமையாவர் என்கிறார். டேட்டாவின் பெட்டியிலிருந்து பதக்கங்களையும் ஒரு நூலையும் இறந்துபட்ட தோழி ஒருவரின் ஒளியுருவையும் எடுத்து வைத்து, இவற்றை ஏன் காத்து வைத்தாய் என வினவுகிறார். மேடாக்ஸ் கூறும் அறிவு, தன்னறிவு, உணர்வு என்னும் மூன்று அளவுகோல்களுள் முதலிரண்டும் டேட்டாவுக்குப் பொருந்துவதை நிறுவி, மூன்றாவதும் பொருந்திவிட்டால் என்செய்வது என மன்றத்திடமே விடுகிறார். ஒரு டேட்டா அரும்பொருளாகலாம். ஆயிரம் டேட்டாக்கள் ஓர் இனம். அவ்வினத்தை நடத்தும் முறையைக் கொண்டே நாம் அளக்கப்படுவோம் என்பது அவரது வாதத்தின் முடி.

தீர்ப்பு நின்ற இடம்

லூவா வழங்கிய தீர்ப்பில் டேட்டா இயந்திரமா என்பதற்கு ‘ஆம்’ என்றும், விண்படையின் உடைமையா என்பதற்கு ‘இல்லை’ என்றும் விடை கிடைக்கிறது. ஆன்மா உண்டா என்னும் வினாவுக்கு விடை கூறத் தமக்குத் தகுதியில்லை. அவ்வாராய்ச்சியை டேட்டா தாமே நிகழ்த்திக்கொள்ளும் உரிமையைத் தருவதே முறை எனக் கூறி, தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்க்குண்டு என முடிக்கிறார். ‘டேட்டா ஓர் ஆள்’ என்னும் தொடர் இத்தீர்ப்பில் எங்கும் இல்லை. ஓர் உடைமைக் கோரிக்கை மறுக்கப்பட்டது, அவ்வளவே.

உண்மை வரலாற்றில் இதற்கு மிக நெருங்கிய இணை டிரெட் ஸ்காட் வழக்கைக் காட்டிலும் சாமர்செட் வழக்கே. வர்ஜீனியாவில் வாங்கப்பட்டு 1769இல் இங்கிலாந்துக்குக் கொணரப்பட்ட ஜேம்ஸ் சாமர்செட், 1771இல் தப்பியோடிப் பிடிபட்டு, ஜமைக்காவில் விற்கப்படுவதற்காகக் கப்பலில் அடைக்கப்பட்டார். 1772 சூன் 22ஆம் நாள் மான்ஸ்ஃபீல்டு பிரபு அவரை விடுவிக்க ஆணையிட்டார். இங்கிலாந்தில் அடிமைமுறையையே ஒழித்த தீர்ப்பு எனப் பலரும் இதனைக் கொண்டாடினர். மான்ஸ்ஃபீல்டு தீர்த்ததோ, அடிமை ஒருவரை அவர் விருப்பமின்றி நாட்டைவிட்டு வலிந்து கொண்டுசெல்லச் சட்டம் இடந்தரவில்லை என்னும் குறுகிய பொருளை மட்டுமே. அடிமை வணிகம் 1807 வரை சட்டப்படி நிகழ்ந்தது. 1833இன் அடிமை ஒழிப்புச் சட்டமும் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப்பகுதிகளையும் இலங்கையையும் விலக்கியே இயற்றப்பட்டது.

இந்தியாவுக்கு வந்த 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் இன்னும் தெளிவான சான்று. அச்சட்டம் எவரையும் ‘விடுதலை பெற்றவர்’ என அறிவிக்கவில்லை. ஒருவரை அடிமை எனக் காட்டிக் கோரும் உடைமையுரிமையை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரமாட்டா என்றது. அடிமையாயிருந்தவர் என்னும் காரணத்தால் ஒருவர் ஈட்டிய பொருளைப் பறிக்கலாகாது என்றும் விதித்தது. (டேட்டாவின் பெட்டியைப் பிக்கார்ட் திறந்து காட்டும் இடத்தில் இவ்விதி நினைவுக்கு வருதல் இயல்பே.) சட்டம் கைவிலகி நின்றது, நிலமோ கடனோ வேறு பிடிமானமோ இல்லாத உழவடிமைகள் பண்ணையாட்களாக அதே நிலத்தில் தொடர்ந்தனர். மனிதரை அடிமையாக வாங்குதலும் விற்றலும் குற்றமாயின 1860இன் தண்டனைச் சட்டத்தில்தான்.

‘அது’ என்னும் சொல்

கதை முழுவதும் மேடாக்ஸ் டேட்டாவை ‘அது’ எனவே சுட்டுகிறார். தீர்ப்புக்குப் பின் டேட்டாவைப் பற்றி வியந்து பேசும்போது ‘அவர்’ என்னும் பொருள்படும் சொல் அவர் வாயில் தானே வந்துவிடுகிறது. லூவா அதனைச் சுட்டிக்காட்டுகிறார். ஆங்கிலத்தில் ஒரு சுட்டுப்பெயரோடு முடியும் இம்மாற்றம் தமிழில் வினைமுற்று வரை ஊடுருவும். ‘அது வந்தது’ என்பது ‘அவர் வந்தார்’ ஆகுமிடத்துத் திணையே மாறிவிடுகிறது. இக்கதையைத் தமிழாக்குவார் ஒவ்வொரு வாக்கியத்திலும் வழக்கில் ஒரு பக்கம் நின்றாக வேண்டும். ஈண்டும் டேட்டா தொடக்கமுதல் உயர்திணையிலேயே சுட்டப்பெறுதல் அத்தகையதே.

தமிழ் இலக்கணத்திலும் இவ்வெல்லை எளியதன்று. மக்களாகக் கருதப்படுவோரை உயர்திணை என்று வகுத்த தொல்காப்பியம், கிளவியாக்கத்தில், உயர்திணைப் பொருளைக் குறித்தும் அஃறிணை முடிபு கொள்ளும் சொற்களை ஒரு பட்டியலாகத் தருகிறது. குழவி, மகவு, அரசு ஆகியவற்றோடு அப்பட்டியலில் ‘அடிமை’ என்னும் சொல்லும் இடம்பெறுகிறது. அரசும் உடனிருத்தலின் இதனை இழிவுக் குறிப்பு எனத் துணிதல் தவறு; சொல்லின் அமைப்பு பற்றிய விதி அது. ஆயினும் பொருளால் ஆளாகவும் சொல்லால் பொருளாகவும் நிற்றல் என்னும் நிலையை இலக்கண நூல் பதிவு செய்துள்ளமை கருதத்தக்கது. சட்டம் அந்நிலையில் மக்களையே நிறுத்தியது.

தீர்ப்புக்குப் பின்

உடைமை மறுக்கப்பட்டும் ஆள்தன்மை நிறுவப்படாத நிலை எத்துணை வலுவற்றது என்பதை அத்தொடரே அடுத்த ஆண்டில் காட்டிவிட்டது. 1990 மார்ச்சில் வந்த ‘தி ஆஃப்ஸ்பிரிங்’ கதையில் டேட்டா தமக்கொரு மகளை ஆக்கி லால் எனப் பெயரிடுகிறார். விண்படைத் தளபதி ஒருவர் அவளைத் தம் ஆய்வகத்திற்கு எடுத்துச்செல்ல வருகிறார். ஓராண்டுக்கு முன் பெற்ற தீர்ப்பு லாலைக் காக்கவில்லை. அது டேட்டா ஒருவர்க்கே உரியது. வழக்கு முற்றுமுன் லால் செயலிழந்து மடிகிறாள். இக்கதை முன்னதைவிடக் கலைநயம் குறைந்தது என்பார் உளர். வரலாற்று நோக்கில் இதுவே முன்னதன் நேர்மையான பின்னுரை.

2001 ஏப்ரலில் ‘ஸ்டார் டிரெக்: வாயேஜர்’ தொடரின் ‘ஆதர், ஆதர்’ கதையில் ஒளியுருவ மருத்துவர் ஒருவர் தாம் எழுதிய புனைகதைக்கு உரிமை கோருகிறார். நடுவர் அவரைச் சட்டம் வரையறுக்கும் ‘கலைஞர்’ என ஏற்கிறார். ‘ஆள்’ என அறிவிக்க மறுக்கிறார். டேட்டாவின் வழக்கு அவ்விசாரணையில் முன்தீர்ப்பாகக் காட்டப்படவும் இல்லை. இறுதிக் காட்சியில் அம்மருத்துவரின் முகமே கொண்ட ஒளியுருவங்கள் சுரங்கத்தில் உழைத்துக்கொண்டிருக்கின்றன. அம்மருத்துவர் எழுதிய கதை அவர்களிடையே கமுக்கமாகப் பரவுகிறது.

திரைக்கு வெளியே, 2017 பிப்ரவரியில் ஐரோப்பிய நாடாளுமன்றம் நிறைவேற்றிய தீர்மானம் ஒன்று, மேம்பட்ட தன்னியக்க ரோபோக்களுக்கு ‘மின்னணு ஆள்’ என்னும் சட்டநிலை வழங்குவதை ஆராயுமாறு கோரியது. அவை விளைக்கும் சேதத்திற்குப் பொறுப்பாளி வேண்டும் என்பதே அதன் நோக்கம். மறு ஆண்டே அறிஞர் பலர் கூட்டாக எதிர்ப்புக் கடிதம் எழுதினர். செய்தவரும் விற்றவரும் பொறுப்பினின்று நழுவ இது வழிவகுக்கும் என்னும் அச்சம் அவ்வெதிர்ப்பில் ஒலித்தது. 1964இல் ஆடம் லிங்கை மன்றமேற்றிய தருக்கம் இதனின்று தொலைவானதன்று.

2020இல் வந்த ‘ஸ்டார் டிரெக்: பிக்கார்ட்’ தொடர் கைனன் அஞ்சியதை நேரே காட்டியது. செவ்வாய்க் கோளின் கப்பல் கட்டுந்தளத்தில் ஒரே முகச்சாயல் கொண்ட செயற்கை மனிதர்கள் பணிபுரிகின்றனர். டேட்டாவைப் போன்ற தன்னுணர்வு அவர்களுக்கு இல்லை என்றே தொடர் கூறுகிறது. ஜனவரி 30ஆம் நாள் வெளியான இரண்டாம் கதையின் தொடக்கத்தில், மனிதத் தொழிலாளர்கள் காலையில் சேமிப்பறையைத் திறக்கின்றனர். அங்கே அவர்கள் வரிசையாக நிறுத்தி வைக்கப்பட்டுள்ளனர். அவர்களுள் எஃப்-8 என அழைக்கப்படுபவர் வேலைக்கு வெளியே அழைத்து வரப்படுகிறார். உணவு வேளையில் உடன் உழைக்கும் மனிதர்கள் அவரை வைத்து நகையாடுகின்றனர்.